பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம்: ப்ளூஸ் மெட்டலாக மாறிய இடம்

1969 அக்டோபர் 16 அன்று பர்மிங்காமைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் லண்டனில் ரீஜண்ட் சவுண்ட் என்ற ஸ்டுடியோவுக்குள் போனார்கள். மேடையில் வாசித்து வாசித்துக் கை பழகிய பாட்டுகளை அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார்கள். சுமார் 12 மணி நேரத்தில் பதிவு முடிந்தது. மொத்தச் செலவு 600 பவுண்டு என்று சொல்வார்கள். நான்கு பேருக்கும் வயது 20, 21தான். அடுத்த ஆண்டு பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அந்த ஆல்பம் இங்கிலாந்தில் வெளியானது. பேண்டின் பெயர், ஆல்பத்தின் பெயர், முதல் பாட்டின் பெயர் மூன்றும் ஒன்றேதான்: பிளாக் சபாத்.

ஹெவி மெட்டல் என்ற இசைவகையின் வரலாற்றைப் பெரும்பாலானவர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதைப் படித்துவிட்டு முதல்முறையாக இந்த ஆல்பத்தைக் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் வரும். முதல் பாட்டு மிரட்டுகிறது, சரி. இரண்டாவது பாட்டில் மவுத் ஆர்கன் வருகிறது. கடைசிப் பாட்டு பத்து நிமிடம் ஓடுகிற ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைவகை. “இதையா மெட்டல் என்கிறார்கள்?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் அருமையே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. அடுத்தடுத்து வந்த ஆல்பங்களில் ப்ளூஸ் முழுக்க வேறொன்றாக மாறி முடிந்துவிட்டது. இதில் அந்த மாற்றம் நம் காது கேட்க நடந்துகொண்டிருக்கிறது.

ஆஸ்டன் பையன்கள்

கிட்டார் டோனி ஐயோமி, பேஸ் கிட்டார் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட், பாட்டு ஓஸி ஆஸ்போர்ன். நால்வரும் பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற பகுதியைச் சேர்ந்தவர்கள், 1948, 49இல் பிறந்தவர்கள். பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுச் சிதைத்த இடங்கள் இவர்கள் சிறுவர்களாக இருந்தபோதும் அப்படியே கிடந்தன. பள்ளிப் படிப்பு ஏறாத பையனுக்கு அங்கே தொழிற்சாலையை விட்டால் வேறு வழி கிடையாது. ஓஸி கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர். திருட்டு வழக்கில் சிறைக்கும் போய்வந்தவர். பேண்டில் அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், அவரிடம் சொந்தமாக மைக் செட் இருந்தது.

ஐயோமியின் கதைதான் அதிகம் சொல்லப்படுவது. தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது 17. இனி இசைதான் என்று முடிவெடுத்து வேலையை விட்டுவிட்டார். அன்றைக்குத்தான் கடைசி நாள். அந்த நாளில் இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் எடுத்துவிட்டது. ஐயோமி இடதுகைக்காரர். அதாவது, கிட்டாரில் கம்பியை அழுத்த வேண்டிய கை அவருக்கு வலது கை. இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மனமுடைந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஜாஸ் கிட்டார் கலைஞராக வாழ்ந்தவர்.

ஐயோமி வீட்டுக்குப் போய், பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி செய்துகொண்டார். வழுக்காமல் இருக்க அதன்மேல் தோலை ஒட்டினார். சாதாரணக் கிட்டார் கம்பி அந்தத் தொப்பிக்கு மிகவும் விறைப்பாக இருந்ததால், மெல்லிய பாஞ்சோ கம்பிகளை வாங்கிப் பூட்டினார். இந்த விபத்துதான் மெட்டலைப் பெற்றெடுத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு சேர்த்து, அவர் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதால்தான் இந்தக் கனம் வந்தது என்றும் சொல்வார்கள். அவர் சுருதியை நன்றாக இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பம் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் இதன் கனம் வேறெங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்று பிறகு பார்க்கலாம்.

பேண்டுக்கு முதலில் வேறு பெயர்கள் இருந்தன. போல்கா டல்க் ப்ளூஸ் பேண்ட் என்று தொடங்கி, அப்புறம் எர்த் ஆனது. அதே பெயரில் இன்னொரு பேண்டும் சுற்றிக்கொண்டிருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவர்கள் பயிற்சி செய்த இடத்துக்கு எதிரே ஒரு சினிமா கொட்டகை. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் 1963ஆம் ஆண்டுப் பேய்ப்படம் ஒன்று பிளாக் சபாத் என்ற ஆங்கிலப் பெயரில் அங்கே ஓடியது. பயந்து நடுங்குவதற்காகவே மக்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே, அதே வேலையை இசையில் செய்தால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. பூவும் அமைதியும் காதலும் பாடிக்கொண்டிருந்த 1969ஆம் ஆண்டில் இந்த யோசனை எவ்வளவு புதிது என்பதை இன்றைக்கு நம்மால் முழுதாக உணர முடியாது.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. 1968 இறுதியில் ஐயோமி சில வாரங்கள் ஜெத்ரோ டல் என்ற பேண்டில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது ஒரு பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்: காலை ஒன்பது மணிக்கெல்லாம் பயிற்சிக்கு வந்துவிட வேண்டும். ஒரே நாளில் ஒரு ஆல்பத்தை வாசித்து முடிக்கிற அளவுக்கு இவர்கள் கை தேறியிருந்ததற்கு அந்தக் காலைப் பயிற்சிகளும், சிறு கிளப்புகளில் இரவிரவாக வாசித்ததும்தான் காரணம்.

ரிஃப் என்றால் என்ன

நம் சினிமாப் பாட்டில் மெட்டு பாடகரின் குரலில் இருக்கும். வாத்தியங்கள் அதைத் தாங்கிப் பிடிக்கும், நடுவில் இடையிசை வரும். சபாத்தின் இசையில் பாட்டின் முதுகெலும்பு கிட்டாரில் இருக்கிறது. நாலைந்து சுரங்களில் அமைந்த ஒரு சிறு துண்டு, திரும்பத் திரும்ப வரும். அதுதான் ரிஃப். குரல் அதன்மேல் வந்து உட்காரும், சில இடங்களில் ரிஃப்பையே பிடித்துக்கொண்டு பாடும். ஒரு பாட்டை முணுமுணுக்கச் சொன்னால் ரசிகர்கள் வரிகளைப் பாடுவதற்குமுன் ரிஃப்பைத்தான் வாயால் வாசித்துக் காட்டுவார்கள். ரிஃப் ப்ளூஸிலிருந்து வந்ததுதான். அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்கள் உருவாக்கிய அந்த வடிவத்தை 1960களில் பிரிட்டிஷ் பையன்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். சபாத்தும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் தொடங்கியது.

ஐயோமி அதிகம் பயன்படுத்துவது பவர் கார்டு. சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டினால் அதுதான் பவர் கார்டு. வழக்கமான கார்டில், அதாவது ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டில், நடுவே காந்தாரமும் இருக்கும். அது மேஜரா மைனரா (மேற்கத்திய இசையின் இரண்டு அடிப்படைச் சாயல்கள்) என்று சொல்வது அந்தக் காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் எலும்பு, ஆனால் மிக உறுதியான எலும்பு. விரல் நுனி போனவருக்கு இப்படி வாசிப்பது எளிது என்பது ஒரு பக்கம். இன்னொரு காரணம் ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. வால்வ் ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மீறி ஓட்டும்போது ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, மூலச் சுரத்தோடு புதிய மேலொலிகள் நிறையக் கிளம்பும். இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். இந்த நிலையில் காந்தாரத்தையும் சேர்த்து மூன்று சுரங்களை ஒன்றாக மீட்டினால் மேலொலிகள் ஒன்றோடொன்று முட்டிக் கலங்கிவிடும். சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் என்றால் கலங்காது. ஒரே திடமான சுவராக நிற்கும். ஐயோமியின் ஆம்ப்ளிஃபையர் லேனி, 1967இல் பர்மிங்காமிலேயே தொடங்கப்பட்ட நிறுவனத்தினுடையது. கிட்டாருக்கும் அதற்கும் நடுவில் மேல் ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிள் பூஸ்டர் ஒன்றை வைத்து ஆம்ப்ளிஃபையரை இன்னும் திணறவிட்டார்.

இது எல்லாமே ஏற்கெனவே இருந்தவைதான். க்ரீம், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், லெட் ஜெப்பலின் எல்லோரிடமும் ரிஃப் இருந்தது, டிஸ்டார்ஷன் இருந்தது, சத்தமும் இருந்தது. சபாத் கொண்டுவந்தது வேறு.

மூன்று சுரங்கள்

ஆல்பம் மழைச் சத்தத்தில் தொடங்குகிறது. இடி. தூரத்தில் ஒரு தேவாலய மணி. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் பதிவுக்குப் பிறகு சேர்த்தவை இவை. அரை நிமிடத்துக்கு மேல் இந்த மழையை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். பிறகு கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே சமயத்தில் விழுகின்றன.

அந்த ரிஃப்பில் இருப்பது மொத்தம் மூன்று சுரம். முதலில் ஒரு சட்ஜமம். அடுத்து அதே சட்ஜமம், மேல் ஸ்தாயியில். அங்கிருந்து நேரே பிரதி மத்தியமத்துக்கு இறங்கி, அந்தச் சுரத்தில் நின்று நடுங்குகிறது. மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான்.

கீழ்ச் சட்ஜமத்துக்கும் மேல் சட்ஜமத்துக்கும் சரியாக நட்டநடுவில் இருப்பது பிரதி மத்தியமம்; இரண்டு பக்கமும் ஆறு ஆறு அரைச்சுரம். மேற்கத்திய இசையில் இந்த இடைவெளியை ட்ரைடோன் என்பார்கள். பழைய இசை ஆசிரியர்கள் மாணவர்களைத் தவிர்க்கச் சொன்ன இடைவெளி. ‘இசையில் இருக்கும் சாத்தான்’ என்று லத்தீனில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. தேவாலயம் இதைத் தடைசெய்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்றெல்லாம் பரவலாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரம் கிடையாது.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. நமக்குப் பிரதி மத்தியமம் என்றால் கல்யாணி. 72 மேளகர்த்தாக்களில் பாதி பிரதி மத்தியம மேளங்கள். கல்யாணியைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. அதே சுரம் இங்கே ஏன் அடிவயிற்றைக் கலக்குகிறது? கல்யாணியில் மத்தியமத்துக்குப் பக்கத்தில் காந்தாரமும் பஞ்சமமும் இருக்கின்றன. காந்தாரம் வழியாக ஏறி வருகிறோம், பஞ்சமத்தில் போய் இளைப்பாறுகிறோம். ஐயோமி அந்த இரண்டு வழியையும் அடைத்துவிட்டார். மேலிருந்து நேராக மத்தியமத்தில் வந்து விழுகிற மெட்டுக்குப் போக்கிடம் கிடையாது. போதாக்குறைக்கு, முதல் அடியில் வந்த பவர் கார்டின் பஞ்சமம் இன்னும் நம் காதில் மிச்சமிருக்கிறது. அதற்கு அரைச்சுரம் கீழே இந்த மத்தியமம் உரசிக்கொண்டு நிற்கிறது. ஆகவே பயம் அந்தச் சுரத்தில் இல்லை, அதைத் தனியாக விட்ட விதத்தில் இருக்கிறது.

இந்த ரிஃப்புக்கு ஒரு பூர்வகதையும் உண்டு. பட்லருக்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட்டின் ‘கோள்கள்’ தொகுப்பில் வரும் செவ்வாய்ப் பகுதி பிடிக்கும். பயிற்சியின்போது அதைப் பேஸ் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தார். அதிலும் இந்த இடைவெளி முக்கியமாக வரும். அதற்கு மறுநாள் ஐயோமி இந்த ரிஃப்போடு வந்தார்.

அப்புறம் வேகம். இந்தப் பாட்டு அநியாயத்துக்கு மெதுவாகப் போகிறது. அன்றைய ராக் பேண்டுகள் கனம் காட்ட வேண்டும் என்றால் சத்தத்தைக் கூட்டின, வேகத்தைக் கூட்டின. ஓடுகிற சைக்கிளில் கனம் தெரியாது. அசைந்து அசைந்து நகர்கிற தேரில்தான் தெரியும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சபாத் விட்ட இடைவெளிதான் இந்த ஆல்பத்தின் கனம். சுருதியை இறக்காமலே அது கிடைத்துவிட்டது.

ஓஸி பாடத் தொடங்கும்போது இசை சட்டென்று தணிந்துவிடும். அதே மூன்று சுரம், மெல்லிய குரலில். வார்ட் சிம்பலைத் தொடாமல் பெரிய டிரம்களை உருட்டிக்கொண்டிருப்பார். கறுப்பு உருவம் ஒன்று எதிரே நின்று தன்னைச் சுட்டிக்காட்டுவதாகப் பாட்டு சொல்கிறது. பட்லர் சொல்லும் ஒரு அனுபவம் இதற்கு அடிப்படை: மாந்திரீகப் புத்தகங்களில் ஆர்வம் முற்றி, வீட்டுச் சுவரைக் கறுப்பாக அடித்துக்கொண்டு இருந்த காலத்தில், ஒருநாள் இரவு கட்டிலின் கால்மாட்டில் ஒரு கறுப்பு உருவம் நிற்பதைப் பார்த்தாராம். பாட்டில் வரும் மனிதன் சாத்தானைக் கும்பிடுவதில்லை. அலறி ஓடுகிறான், கடவுளைக் கூப்பிடுகிறான். ஓஸியின் குரலை இங்கே கவனிக்க வேண்டும். கர்ஜனை கிடையாது, சாகசம் கிடையாது. உண்மையாகவே பயந்துபோன ஒரு பையனின் உச்சக்குரல். சபாத் சாத்தானை வழிபடும் கூட்டம் என்று பல ஆண்டுகள் தூற்றியவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை ஒழுங்காகக் கேட்டிருந்தால் போதும்.

நாலரை நிமிடத்தைத் தாண்டியதும் பாட்டு திடீரென்று குதிரைப் பாய்ச்சலில் கிளம்பும். மெதுவாகக் கட்டி, பிறகு அவிழ்த்துவிடுகிற இந்த அமைப்பைப் பின்னாளில் எத்தனை மெட்டல் பேண்டுகள் எடுத்தாண்டன என்று எண்ணி மாளாது.

மீதிப் பாட்டுகள்

‘தி விஸார்ட்’ பாட்டில் ஓஸி மவுத் ஆர்கன் வாசிக்கிறார். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதையில் வரும் மந்திரவாதி காண்டால்ஃபை மனதில் வைத்து எழுதியது. மவுத் ஆர்கன் கேட்டவுடன் ப்ளூஸ் என்று நினைத்துவிடுவோம், ஆனால் அதற்குக் கிட்டார் கொடுக்கும் பதிலைக் கேளுங்கள். ப்ளூஸில் இல்லாத முரட்டுத்தனம் அதில் இருக்கிறது. ‘பிஹைண்ட் த வால் ஆஃப் ஸ்லீப்’ திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ஒரு கதைத்தலைப்பை ஒட்டிய பெயர்.

‘என்.ஐ.பி.’ இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பட்லரின் பேஸ் மட்டும் தனியாகத் தொடங்குகிறது. கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் வா-வா பெடலை அவர் பேஸுக்கு மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு சுரமும் வாய் திறந்து மூடுவதுபோல ஒலிக்கும். பிறகு ரிஃப் வரும்போது பேஸும் கிட்டாரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கின்றன. பட்லர் முதலில் கிட்டார் வாசித்தவர். பேண்டில் ஒரே ஒரு கிட்டார்தான் என்பதால் கிட்டாரின் கீழ்ப்பகுதியைத் தடிப்பாக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஐயோமி கம்பியை வளைத்தால் இவரும் கூடவே வளைப்பார். இரண்டு வாத்தியங்கள் ஒட்டி ஒன்றாகிவிட்ட அந்தத் தடிப்புதான் சபாத்தின் கையெழுத்து. பாட்டின் பொருள் லூசிஃபர் ஒரு பெண்ணைக் காதலித்து நல்லவனாக மாறுவது. தலைப்புக்கு விளக்கம் கேட்டால் சாத்தானோடு ஒரு தொடர்பும் கிடையாது. வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்ததாம், அந்த நிப்பைத்தான் நடுவில் புள்ளி வைத்து எழுதினார்கள்.

‘ஈவில் வுமன்’ அமெரிக்க பேண்டான க்ரோவின் பாட்டு. சிங்கிளாக (தனிப்பாட்டாக வரும் இசைத்தட்டாக) ஓட வேண்டும் என்பதற்காக மேலிடம் சொல்லி, இவர்கள் அரைமனதோடு வாசித்தது. அது காதுக்குத் தெரியும். அமெரிக்கப் பதிப்பில் இதை எடுத்துவிட்டு ‘விக்கட் வேர்ல்ட்’ என்ற சொந்தப் பாட்டைச் சேர்த்தார்கள், நல்ல மாற்றம். அதில் வார்ட் வாசிப்பது கிட்டத்தட்ட ஜாஸ். ஜீன் க்ரூபா போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அவருடைய தாளம் இறுகி நிற்காது, ஊஞ்சல் ஆடும். பின்னாளைய மெட்டல் டிரம்மர்கள் பலரிடம் வேகமும் துல்லியமும் உண்டு, இந்த ஆட்டம் அரிது. அதே பாட்டைப் பதிவு செய்தபோதுதான் ஐயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்-அப் பழுதாகி, மாற்றுக்கு வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அவர் கையில் எஸ்ஜிதான்.

‘ஸ்லீப்பிங் வில்லேஜ்’ தொடங்கும்போது ‘டொய்ங்’ என்று ஒரு ஒலி கேட்கும். நம் கச்சேரி மேடையில் இருக்கும் மோர்சிங்கின் மேலைநாட்டு வடிவம் அது. வாசித்தவர் தயாரிப்பாளர் பெய்ன். கடைசியில் ‘வார்னிங்’, எய்ன்ஸ்லி டன்பாரின் ப்ளூஸ் பேண்டு வெளியிட்ட பாட்டு. நடுவில் ஐயோமியின் நீண்ட தனி. மேடையில் அவர்கள் எப்படி வாசித்திருப்பார்கள் என்பதற்கு இது சாட்சி. ஆனால் முதல்முறை கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

உறையும் வரவேற்பும்

ஆல்பத்தின் அட்டையில் கறுப்பு உடுத்திய ஒரு பெண், பின்னால் தண்ணீரின் விசையில் ஓடும் பழைய நீராலை, பட்டுப்போன மரங்கள், இயற்கைக்கு மாறான இளஞ்சிவப்பு நிறம். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தேம்ஸ் கரையில் இருக்கும் மேப்பிள்டர்ஹாம் நீராலை அது. கீத் மெக்மில்லன் இன்ஃப்ராரெட் ஃபிலிமில் எடுத்த படம் என்பதால் இந்த நிறம். முன்னட்டையில் பேண்ட்காரர்களின் முகம் இல்லை. உள்ளே இசைத்தட்டு நிறுவனத்தார் தலைகீழ்ச் சிலுவை ஒன்றைப் போட்டு அதற்குள் ஒரு கவிதையை அச்சிட்டார்கள். பேண்டைக் கேட்காமல் செய்த வேலை. அதனால் வேண்டாத கூட்டமெல்லாம் அவர்களைத் தேடி வர ஆரம்பித்தது. ஓஸியின் அப்பா உலோகத்தில் சிலுவைகள் செய்து நால்வருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்.

விமர்சகர்கள் ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். க்ரீம் பேண்டின் மட்டமான நகல் என்ற ரீதியில் எழுதினார்கள். வாங்கியவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்துப் பட்டியலில் 8ஆம் இடம். ஜூன் மாதம் வார்னர் பிரதர்ஸ் அமெரிக்காவில் வெளியிட்டபோது 23ஆம் இடம் வரை ஏறி, ஓராண்டுக்கு மேல் பட்டியலில் நின்றது. தொழிற்சாலை நகரங்களில் இருந்த பையன்கள் தங்களுக்குத் தெரிந்த உலகத்தின் சத்தத்தை இதில் கேட்டார்கள் என்பது என் எண்ணம். சான்பிரான்சிஸ்கோ ஹிப்பிகளின் பூக்களை அவர்கள் பார்த்ததில்லை.

முதல் மெட்டல் ஆல்பம் இதுதானா என்ற சண்டை ஓயாது. அமெரிக்க பேண்டான ப்ளூ சியர் 1968இலேயே இதைவிடச் சத்தமாக வாசித்தது. லெட் ஜெப்பலின் முதல் ஆல்பம் 1969 தொடக்கத்தில் வந்துவிட்டது. டீப் பர்ப்பிள் சில மாதங்கள் கழித்து ‘இன் ராக்’ வெளியிட்டது. என் கணக்கு எளிமையானது. மற்றவற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் ராக் தெரிகிறது, ப்ளூஸ் தெரிகிறது. சபாத்தின் முதல் பாட்டு மட்டும் முன்னோக்கிக் கைகாட்டுகிறது. சத்தம், மெதுவான வேகம், அச்சம் தரும் சுரம், இருண்ட கதை எல்லாம் ஒரே திசையில் இழுக்கிற பாட்டு அதற்கு முன் இல்லை. முழு ஆல்பத்தையும் மெட்டல் என்று சொல்ல நான் தயங்குவேன். முதல் ஆறு நிமிடத்தைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது

மிக நேரடியான வாரிசு டூம் மெட்டல். அந்த முதல் பாட்டையே எடுத்துக்கொண்டு ஒரு முழு இசைவகையைக் கட்டினார்கள். அமெரிக்காவில் பென்டகிராம், ட்ரபிள், செயின்ட் வைட்டஸ். ஸ்வீடனில் 1986இல் முதல் ஆல்பம் வெளியிட்ட கேண்டில்மாஸ். எல்லோரும் வேகமாக வாசிக்கப் போட்டி போட்ட 1980களில் இவர்கள் பிடிவாதமாக மெதுவாக வாசித்தார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்லீப் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டை ஆல்பமாக்கியது. சியாட்டில் பக்கத்தில் ஒரு பேண்ட் சபாத்தின் பழைய பெயரான எர்த் என்பதையே தனக்கு வைத்துக்கொண்டு, டிரம்ஸ் இல்லாமல் கிட்டாரின் ரீங்காரத்தை மட்டும் நீட்டி நீட்டி வாசித்தது. அதே பகுதியின் மெல்வின்ஸ், சவுண்ட்கார்டன் வழியாக இந்தக் கனம் 1990களின் கிரஞ்ச் இசைக்குள்ளும் போனது.

வேகமாக வாசிக்கும் மெட்டல் பேண்டுகளும் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். 2006இல் பிளாக் சபாத் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் சேர்க்கப்பட்டபோது வரவேற்றுப் பேசியவர்கள் மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும். பர்மிங்காமுக்குப் பக்கத்து ஊரான வெஸ்ட் பிராம்விச்சில் உருவான ஜூடாஸ் ப்ரீஸ்ட், மெட்டலிலிருந்து ப்ளூஸை முழுக்கக் கழித்துவிட்டு அதை எஃகு மாதிரி ஆக்கியது. 1980இல் வந்த அவர்களுடைய ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தின் தயாரிப்பாளர் டாம் ஆலம். சபாத்தின் அந்த ஒருநாள் பதிவில் ஒலிப்பொறியாளராக உட்கார்ந்திருந்தவரும் அவரேதான். இந்த இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் பத்தாண்டில் இந்த இசை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது புரியும்.

1994இல் பல பேண்டுகள் சேர்ந்து சபாத்துக்கு அஞ்சலியாக ‘நேட்டிவிட்டி இன் பிளாக்’ என்ற தொகுப்பை வெளியிட்டன. பேனா நிப் கதை தெரியாத ரசிகர்கள் என்.ஐ.பி. என்ற மூன்று எழுத்துகளுக்குக் கற்பித்த விரிவாக்கம்தான் அந்தத் தலைப்பு. அதில் டைப் ஓ நெகட்டிவ் முதல் பாட்டை வாசித்திருப்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

2025 ஜூலை 5 அன்று நால்வரும் ஆஸ்டனுக்கே திரும்பி, வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். வார்டும் சேர்ந்து நால்வராக வாசித்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. மெட்டாலிகாவும் ஸ்லேயரும் உட்படப் பெரிய பேண்டுகள் பல அன்றைக்கு இவர்களுக்கு முன் வாசித்தன. நோயால் நிற்க முடியாத ஓஸி அரியணை போன்ற நாற்காலியில் அமர்ந்து பாடினார். அன்று சபாத் வாசித்தது நான்கே பாட்டு. முதல் ஆல்பத்திலிருந்து ‘என்.ஐ.பி.’ அதில் இருந்தது. 17 நாள் கழித்து, ஜூலை 22இல், ஓஸி காலமானார்.

எப்படிக் கேட்பது

ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பட்லரின் பேஸ் வராது, பேஸ் இல்லாத சபாத் பாதி சபாத்தான். முதல் பாட்டையும் ‘என்.ஐ.பி.’யையும் ‘விக்கட் வேர்ல்ட்’ பாட்டையும் முதலில் கேட்டுவிட்டு, காது பழகிய பிறகு முழு ஆல்பத்தையும் வரிசையாக ஓடவிடலாம். இங்கிலாந்துப் பதிப்பில் ‘விக்கட் வேர்ல்ட்’ இருக்காது, தனியாகத் தேட வேண்டியிருக்கும். ஒரு பாட்டைக் குறைந்தது இரண்டு முறையாவது கேளுங்கள். முதல்முறை கிட்டாரை, இரண்டாம் முறை டிரம்ஸை. வார்ட் எந்த இடத்தில் எல்லாம் அடிக்காமல் விடுகிறார் என்று கவனித்தால் அந்தக் கனத்தின் ரகசியம் பிடிபடும்.

பிறகு, ஏழே மாதத்தில் வந்து இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த ‘பாரனாய்ட்’. அதில் ப்ளூஸ் வெகுவாகக் குறைந்திருக்கும். அதன்பின் 1971இன் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’. சுருதி இறங்கிய கிட்டார் அதில்தான் முழுமையாக வருகிறது. முதல் ஆல்பத்தைக் கேட்டு முடித்த கையோடு போட்டால், ஐயோமி என்ன மாற்றினார் என்பது முதல் ரிஃப்பிலேயே தெரிந்துவிடும்.